பத்து வசனம் போதும்: மதீனாவின் பழைய முறையில் ஓதிக்கொடுப்பது எப்படி?

நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்து வீட்டிலேயே குர்ஆன் ஓதிக்கொடுக்க ஆசை இருக்கிறது, ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்பவர்களுக்கான பதிவு இது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் உம்மாமார்கள், மக்தபில் (பிள்ளைகளின் குர்ஆன் பள்ளியில்) புதிதாகச் சேர்ந்த உஸ்தாதுகள் எல்லோருக்கும் பொருந்தும். நபி (ஸல்) அவர்களும் அவர்களிடம் நேராகப் படித்த தோழர்களான ஸஹாபாக்களும் மதீனாவிலும் கூஃபாவிலும் டமாஸ்கஸிலும் எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்று பார்த்து, அந்த முறைகளை வைத்தே ஒரு பாடத்தை நடத்தப் போகிறோம். மாதிரிக்கு ஏழே வசனங்கள் உள்ள அல்மாஊன் சூராவை (குர்ஆன் அத்தியாயத்தை) எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அடிப்படை. கூஃபா பள்ளிவாசலில் 40 ஆண்டுகள் குர்ஆன் ஓதிக்கொடுத்தவர் அபூ அப்திர் ரஹ்மான் அஸ்ஸுலமீ. தனக்கு ஓதிக்கொடுத்த ஸஹாபாக்கள் என்ன சொன்னார்கள் என்று அவர் அறிவிக்கிறார்: நபியவர்களிடம் பத்து வசனம் கற்றால், அதில் உள்ள அறிவையும் செயலையும் கற்றுக்கொள்ளாமல் அடுத்த பத்துக்குப் போகமாட்டோம் என்று அவர்கள் சொல்வார்களாம். இப்னு உமர் (ரலி) பகரா சூராவைக் கற்க 8 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார் என்று இமாம் மாலிக் பதிவு செய்திருக்கிறார். அவருடைய தாய்மொழி அரபி, நினைவாற்றலுக்கும் குறைவில்லை. மனப்பாடம் செய்ய மட்டும் அவருக்கு 8 ஆண்டுகள் தேவைப்பட்டிருக்காது. ஓதினதை வாழ்க்கைக்குள் கொண்டுவரத்தான் அவ்வளவு காலம். நாமோ ஆறு வயதுப் பிள்ளை வருஷத்துக்குள் எத்தனை ஜுஸ்உ (குர்ஆனின் முப்பது பாகங்களில் ஒன்று) முடித்தது என்று கணக்குப் பார்க்கிறோம். இந்த அவசரத்தை விடமுடியாதவர்கள் கீழே உள்ள படிகளைச் செய்தும் பெரிய பலன் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

படி 1: வட்டமாக உட்காருங்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள்

பாடத்துக்கென்று அன்று தனிக் கட்டிடம் கிடையாது. மக்காவில் ஸஃபா குன்றுக்குப் பக்கத்தில் இருந்த அர்கமின் வீடு, மதீனாவில் நபியவர்களின் பள்ளிவாசலில் கூரை வேய்ந்த திண்ணையான ஸுஃப்ஃபா, இவைதான் வகுப்பறைகள். ஸுஃப்ஃபாவில் தங்கியிருந்தவர்களுக்குக் குர்ஆனையும் எழுத்தையும் உபாதா பின் ஸாமித் (ரலி) கற்றுக்கொடுத்தார். ஆசிரியரைச் சுற்றி வட்டமாக உட்கார்வார்கள், அதுதான் ஹல்கா. வட்டத்தில் கடைசி பெஞ்சு என்று ஒன்று இருக்காது, எல்லா முகமும் உங்களுக்குத் தெரியும்.

எத்தனை பேர்? பத்துக்கு மேல் வேண்டாம். டமாஸ்கஸ் பள்ளிவாசலில் அபுத்தர்தா (ரலி) ஓதிக்கொடுத்தபோது மாணவர்கள் 1600 பேரைத் தாண்டியதாக ஒரு செய்தி இருக்கிறது. அத்தனை பேரையும் ஒரே கூட்டமாக உட்காரவைத்து அவர் பாடம் நடத்தவில்லை. பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு பத்துக்கும் நன்றாக ஓதத் தெரிந்த ஒருவரைப் பொறுப்பாக்கினார், தடுமாறுகிறவர் அவரிடம் கேட்பார், அவருக்கே சந்தேகம் வந்தால் அபுத்தர்தாவிடம் வருவார். 624இல் நடந்த பத்ருப் போருக்குப் பிறகும் இதே எண்ணிக்கைதான்: எழுதத் தெரிந்த, ஆனால் மீட்புப் பணம் கொடுக்க வசதியில்லாத கைதிகள் ஆளுக்குப் பத்து மதீனாப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டு விடுதலையானார்கள். ஆகவே உங்களிடம் இருபது பிள்ளைகள் வந்தால் இரண்டு வட்டமாகப் பிரித்து, மூத்த பிள்ளை ஒருவருக்கு ஒரு வட்டத்தின் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

பெண்களை விட்டுவிடாதீர்கள். ஆண்களே உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்கிறார்கள், எங்களுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று பெண்கள் நேராகவே கேட்டார்கள், நபியவர்களும் ஒதுக்கினார்கள். ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் என்ற பெண்மணி.

படி 2: இடைவெளி விடுங்கள்

உமர் (ரலி) கூஃபாவுக்கு ஆசிரியராக அனுப்பியவர் இப்னு மஸ்ஊத் (ரலி). அவர் வியாழக்கிழமைதோறும் மட்டும் உபதேசம் செய்வார். தினமும் செய்தால் என்ன என்று ஒருவர் கேட்டதற்கு, உங்களுக்குச் சலிப்பு வந்துவிடக்கூடாது என்றுதான் தவிர்க்கிறேன், நபியவர்களும் எங்களுக்கு அப்படித்தான் நாள் பார்த்துச் சொல்வார்கள் என்றார். ஓதல் தினமும் இருக்கட்டும். அறிவுரையும் விளக்கமும் வாரம் ஒரு நாள் போதும்.

படி 3: ஓதுவதற்கு முன்னால் ஒரு கேள்வி

குர்ஆனைத் திறந்ததும் வாசிக்கச் சொல்லிவிடாதீர்கள். நபியவர்கள் ஒரு நாள் சுற்றி இருந்தவர்களிடம், மரங்களில் ஒன்று உண்டு, அதன் இலை உதிராது, அது முஸ்லிமைப் போன்றது, என்ன மரம் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். எல்லோரும் பாலைவன மரங்களை ஒவ்வொன்றாக யோசித்தார்கள். பேரீச்சை என்று இப்னு உமருக்கு மனதில் பட்டுவிட்டது, ஆனால் வயதில் சிறியவர், பெரியவர்கள் இருக்கும் சபையில் வாய் திறக்க வெட்கம். கடைசியில் நபியவர்களே விடையைச் சொன்னார்கள். பிறகு இதைத் தன் தந்தை உமரிடம் சொன்னபோது, நீ அங்கே சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும் என்றார் அவர்.

இந்தச் சம்பவத்தில் புது ஆசிரியருக்கு இரண்டு விஷயம் இருக்கிறது. கேள்வி கேட்டுவிட்டு உடனே விடையைச் சொல்லாமல் பிள்ளைகளை யோசிக்க விடவேண்டும். அப்புறம், வட்டத்தில் எப்போதும் ஒரு இப்னு உமர் இருப்பார், விடை தெரிந்தும் பேசாத பிள்ளை. அந்தப் பிள்ளையைக் கண்டுபிடித்து, மெதுவாகப் பேர் சொல்லிக் கேளுங்கள்.

மாஊன் சூராவுக்கு நான் கேட்கும் கேள்வி: "தொழுகிற ஆளைப் பார்த்தே உனக்குக் கேடுதான் என்று அல்லாஹ் சொல்வானா?" சொல்லவே மாட்டான் என்று பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள். சரி, ஓதிப் பார்ப்போமா என்று ஆரம்பியுங்கள். நாலாவது வசனம் வரும்போது அவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள்.

படி 4: நீங்கள் ஓதுங்கள், மூன்று முறை

நபியவர்கள் முக்கியமான ஒன்றைச் சொன்னால், புரியவேண்டும் என்பதற்காக மூன்று முறை சொல்வார்கள் என்கிறார் அனஸ் (ரலி). எண்ண நினைப்பவர் எண்ணிவிடலாம், அவ்வளவு நிதானமாக இருக்கும் அவர்களின் பேச்சு என்கிறார் ஆயிஷா (ரலி). ஆகவே ஒரு வசனம் ஓதி நிறுத்துங்கள், பிள்ளைகள் திருப்பிச் சொல்லட்டும், மறுபடி, மறுபடி. மூன்றும் முடிந்த பிறகு அடுத்த வசனம். முதல் நாள் ஏழு வசனத்தையும் முடிக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. மூன்று வசனத்தோடு நிறுத்தினாலும் நல்லதே.

படி 5: ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள்

கூட்டத்தோடு ஓதும்போது எல்லாப் பிள்ளையும் சரியாக ஓதுவதுபோலத்தான் கேட்கும். தனியாக ஒப்பிக்கச் சொன்னால்தான் உண்மை தெரியும். பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் தூங்கும்போது ஓதும் ஒரு துஆவைக் கற்றுக்கொடுத்தார்கள். அவர் உடனே நபியவர்கள் முன்னாலேயே ஓதிக் காட்டினார். கடைசி வரியில் 'நபிய்யிக்க' (உன் நபி) என்று வரவேண்டிய இடத்தில் 'ரஸூலிக்க' (உன் தூதர்) என்று ஓதிவிட்டார். கருத்து ஒன்றுதானே என்று நமக்குத் தோன்றும். நபியவர்கள் அங்கேயே நிறுத்தி, இல்லை, 'நபிய்யிக்க' என்று திருத்தினார்கள். வசவு இல்லை, நீண்ட விளக்கமும் இல்லை. தவறிய சொல்லை மட்டும் எடுத்துச் சரியாகச் சொன்னார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்: பிள்ளை தவறிய இடத்திலேயே நிறுத்தி, அந்தச் சொல்லை மட்டும் சொல்லிக்கொடுத்து, அந்த வசனத்தை முதலிலிருந்து ஓதவையுங்கள்.

படி 6: எழுதட்டும்

எலும்புத் துண்டிலும் தோலிலும் பேரீச்ச மட்டையிலும் எழுதியவர்கள் அவர்கள். பின்னால் பிள்ளைகளின் குத்தாப் பள்ளிகளில் மரப்பலகை முக்கிய சாமானாகிவிட்டது: அன்றைய பாடத்தை எழுதி, மனப்பாடம் ஆனதும் தண்ணீரால் அழித்து, அடுத்ததை எழுதுவார்கள். இது சம்பந்தமாக இப்னு ஸஹ்னூன் ஒரு செய்தியைச் சொல்கிறார். இவர் இன்றைய துனீசியாவில் இருக்கும் கைரவானைச் சேர்ந்தவர், 870இல் காலமானவர், ஆசிரியர்கள் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்று தனி நூலே எழுதியவர். முதல் கலீஃபாக்களின் காலத்தில் ஆசிரியர்கள் எப்படி இருந்தார்கள் என்று அனஸிடம் கேட்டார்களாம். ஆசிரியரிடம் ஒரு தொட்டி இருக்கும், பிள்ளைகள் முறைவைத்து ஒரு நாளைக்கு ஒருவராகச் சுத்தமான தண்ணீர் கொண்டுவந்து அதில் ஊற்றுவார்கள், அதில்தான் பலகையைக் கழுவுவார்கள், பிறகு மண்ணில் குழி தோண்டி அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுவார்கள் என்றார் அவர். இறைவசனம் கரைந்த தண்ணீர் காலில் மிதிபடக்கூடாது என்ற மரியாதை அது. இந்தப் பழக்கத்தைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள், மரியாதை பற்றி நீங்கள் தனியாகப் பாடம் எடுக்கவேண்டியிருக்காது.

நமக்குப் பலகை இல்லை என்றால் நோட்டு போதும். ஒரு வசனம், ஒரு பக்கம், பெரிய எழுத்தில்.

படி 7: பொருளைக் கண்ணில் காட்டுங்கள்

நபியவர்கள் கோடு போட்டு விளக்கியதை இப்னு மஸ்ஊத் அறிவிக்கிறார். ஒரு சதுரம் வரைந்தார்கள், நடுவிலிருந்து சதுரத்தைத் தாண்டி வெளியே போகிற மாதிரி ஒரு கோடு, அந்த நடுக்கோட்டை நோக்கிப் பக்கங்களிலிருந்து சின்னச் சின்னக் கோடுகள். நடுவில் இருப்பது மனிதன், சுற்றிய சதுரம் அவனுடைய மரணம், வெளியே நீளுவது அவன் ஆசை, சிறு கோடுகள் அவனுக்கு வரும் சோதனைகள். சாக்பீஸ் இருந்தால் இதை நீங்களும் தரையில் வரைந்து காட்டலாம்.

மாஊனுக்கு வரைபடம் தேவையில்லை, சமையலறைக்குப் போனாலே போதும். கடைசி வசனத்தில் வரும் மாஊன் என்பதற்கு, நபியவர்கள் காலத்தில் வாளி, பானை போன்ற சாமான்களை இரவல் கொடுப்பதைத்தான் நாங்கள் அப்படிக் கருதினோம் என்று இப்னு மஸ்ஊத் சொல்லியிருக்கிறார். ஆகவே ஒரு வாளியையும் ஒரு பானையையும் கொண்டுவந்து வட்டத்தின் நடுவில் வையுங்கள். யத்தீமை (அனாதையை) விரட்டுகிறவன், ஏழைக்குச் சோறு போடத் தூண்டாதவன், அடுத்தவர் பார்க்கத் தொழுகிறவன் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் அந்த வாளியைத் தொட்டுக்காட்டி, இதைக் கூடக் கொடுக்க மனமில்லாதவன் என்று முடியுங்கள். தொழுகிறவனுக்கு ஏன் கேடு என்ற மூன்றாம் படியின் கேள்விக்கு இப்போது பிள்ளைகளே விடை சொல்லட்டும்.

படி 8: செய்யச் சொல்லுங்கள், ஒன்றே ஒன்றை

உமர் பின் அபீ ஸலமா நபியவர்களின் வீட்டில் வளர்ந்த சிறுவர். சாப்பிடும்போது அவர் கை தட்டு முழுக்க அலையும். நபியவர்கள் சொன்னது மூன்றே விஷயம்: "சிறுவனே, பிஸ்மில்லாஹ் சொல், வலது கையால் சாப்பிடு, உன் பக்கத்தில் இருப்பதைச் சாப்பிடு." அதன்பிறகு நான் சாப்பிடும் முறை அதுதான் என்று பெரியவரான பிறகும் அவர் சொன்னார். தவறு நடந்த அதே தட்டின் முன்னாலேயே, சிறுவன் நினைவில் வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சொன்னதால்தான் அது ஒட்டிக்கொண்டது.

நம் பாடத்துக்கு இந்த வாரச் செயல்: அக்கம்பக்கத்தில் யாராவது எதையாவது கேட்டு வந்தால் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுக்கவேண்டும், வகுப்பில் பென்சில் கேட்டாலும் சரி. அடுத்த வாரம் என்ன கொடுத்தாய் என்று கேட்பேன் என்று சொல்லிவையுங்கள், மறக்காமல் கேட்கவும் செய்யுங்கள். கேட்காவிட்டால் பிள்ளைகளும் விட்டுவிடுவார்கள்.

படி 9: கை நீட்டாதீர்கள்

முஆவியா பின் அல்ஹகம் (ரலி) புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர். ஜமாஅத்தில் நின்று தொழும்போது ஒருவர் தும்ம, இவர் சத்தமாக யர்ஹமுகல்லாஹ் (அல்லாஹ் உங்களுக்கு அருள்புரியட்டும்) என்றார். எல்லோரும் முறைத்தார்கள். ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள் என்று தொழுகைக்குள்ளேயே கேட்டுவிட்டார், அவர்கள் தொடையில் தட்டி அடக்கினார்கள். தொழுகை முடிந்தது. நபியவர்கள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை, அவர்களைவிடச் சிறப்பாகக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியரை முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை என்கிறார் அவர். தொழுகையில் மனிதப் பேச்சு கூடாது, அது தஸ்பீஹும் (அல்லாஹ்வைத் துதிப்பதும்) தக்பீரும் (அவனைப் பெருமைப்படுத்துவதும்) குர்ஆன் ஓதலும்தான் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள்.

பிற்கால நூல்களில் அடிக்கு அனுமதி உண்டே என்று சிலர் வாதிடுவார்கள். இப்னு ஸஹ்னூனின் நூலிலும் அதற்கு மூன்று என்ற வரம்பு வருகிறது, உண்மைதான். ஆனால் பிள்ளைகளைத் தன் சொந்த வேலைக்கு ஏவக்கூடாது என்றும் அதே நூல் ஆசிரியரைக் கட்டுப்படுத்துகிறது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பிரம்பைப் பார்த்துப் பயந்து குர்ஆனை வெறுத்துப்போன பெரியவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் வட்டத்தில் பிரம்பே வேண்டாம்.

படி 10: பிள்ளையை ஆசிரியராக்குங்கள்

மாலிக் பின் அல்ஹுவைரிஸும் அவர் கூட வந்த இளைஞர்களும் மதீனாவில் 20 இரவுகள் தங்கிப் படித்தார்கள். வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று உணர்ந்த நபியவர்கள், ஊரில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்துவிட்டு, திரும்பிப் போய் உங்கள் குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுங்கள், நான் தொழுததை எப்படிப் பார்த்தீர்களோ அப்படியே தொழுங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். படிப்பு முடிந்ததும் அவர்களுக்குக் கிடைத்தது அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு.

நாமும் தேர்வை இப்படியே வைத்துவிடலாம். மாஊன் முடித்த பிள்ளை வீட்டில் தம்பிக்கோ தங்கைக்கோ அதை ஓதிக்கொடுக்கட்டும், வாளிக் கதையையும் சொல்லட்டும். அடுத்த வகுப்புக்கு முன் உம்மாவிடம் ஃபோனில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லிக்கொடுக்க முடிந்திருந்தால் அந்தப் பிள்ளை அடுத்த சூராவுக்குப் போகலாம், நாலே வசனமுள்ள குறைஷ். திணறியிருந்தால் இன்னொரு வாரம் மாஊனிலேயே இருக்கட்டும், எந்த இடத்தில் திணறியதோ அந்தப் படியிலிருந்து திரும்ப ஆரம்பியுங்கள்.