துக்கத்தோடு வருபவரிடம் நான் செய்த தவறுகள்

போன மாதம் துக்க ஆலோசகர் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணின் குறிப்பேட்டில் "மறுப்பு நிலையில் இருக்கிறார்" என்று இருந்தது. பன்னிரண்டு வருஷம் முன்னால் நான் எழுதிய அதே வரி! போனைப் பார்க்காதே, அழும்போது குறுக்கே பேசாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விடுகிறேன்.

ஐந்து நிலைகளை அளவுகோலாக்குவது

கடைமடை விவசாயி ஒருவர். மனைவி போய் எட்டு மாதம். மேட்டூர் திறந்து தண்ணி அவர் வாய்க்காலை எட்டிய அன்று வீட்டுக்கு ஓடிப்போய், அந்தம்மா படத்துக்கு முன்னால் நின்று "வந்துடுச்சு" என்று சொல்லியிருக்கிறார். காலையில் டீயும் இரண்டு டம்ளர். ஏடு படிந்து ஆறிக்கிடக்கும் அந்த இரண்டாவது டம்ளரைப் பார்த்துப் பயந்துதான் மகள் கூட்டிவந்தார்.

"மறுப்பு" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற ஐந்து நிலைகளில் அது முதலாவது. அதோடு விட்டேனா? "ஐயா, அவங்க இல்லைங்கறதை நீங்க ஏத்துக்கணும்" என்றேன்.

"எலும்பு பொறுக்கி ஆத்துல கரைச்சவனே நாந்தான் தம்பி. செத்தது எனக்குத் தெரியாதா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர் திரும்ப வரவே இல்லை.

மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் அந்த ஐந்து நிலைகளை எழுதியது சாகக் கிடந்த நோயாளிகளிடம் பேசிவிட்டு. பறிகொடுத்தவர்களுக்கு அது பிற்பாடு ஒட்டப்பட்டது. வரிசையாக ஏறும் படி இல்லை என்று அவரே பின்னாளில் சொல்லியும், இன்றும் வகுப்புகளில் படிக்கட்டுப் படம்தான் ஓடுகிறது. எரிச்சலாக வருகிறது. இறந்தவரோடு உறவு தொடர்வது நோயல்ல என்று கிளாஸ், சில்வர்மேன், நிக்மன் என்ற ஆய்வாளர்கள் 1996-லேயே ஒரு புத்தகத்தில் வாதிட்டார்கள். நமக்கு அந்தப் புத்தகம்கூட வேண்டாம். ஆடி அமாவாசைக்குக் காவிரித் துறையில் எள்ளும் தண்ணியும் இறைக்கிறவர்கள் எல்லோரும் மறுப்பிலா இருக்கிறார்கள்?

"தண்ணி வந்ததுக்கு அம்மா என்ன சொல்லியிருப்பாங்க?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, நாற்று விட்டாரா என்றும்.

அழுகைதான் வேலை என்று நினைப்பது

"வாரிசுச் சான்றிதழ், விஏஓ என்றே பேசிட்டுப் போறாங்க, துக்கத்தைத் தொடவே இல்லை" என்று தன்னிடம் வருபவர்களைப் பற்றி அலுத்துக்கொண்டார் பயிற்சிக்கு வந்த இன்னொருவர். தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பதும் துக்கத்தில் சேர்ந்ததுதான். இழப்புக்கும் அன்றாடத்துக்கும் மாறிமாறிப் போய்வருவதே இயல்பு என்று ஸ்ட்ரோப், ஷூட் என்ற ஆய்வாளர்கள் 1999-ல் எழுதினார்கள்.

அவசரமாக நோய்ப்பெயர்

நீடித்த துக்கக் கோளாறு என்று சொல்ல, இழப்புக்குப் பிறகு பெரியவர்களுக்கு டிஎஸ்எம்-5-டிஆர் (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடு) 12 மாதமாவது கேட்கிறது. ஐசிடி-11 (உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல்) கேட்பது 6 மாதம். கருமாதி முடிந்த மறுவாரமே எழுதிவிடாதீர்கள்.

"காலம் ஆத்திடும்"

சொல்லாதீர்கள்.

கேட்கத் தயங்குவது

"அவங்க பின்னாலயே போயிடலாம்னு தோணுதா?" நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது.