சீப்புல வந்தது பிளஸ்ஸா மைனஸா? டேப்பை வச்சு கண்டுபிடிக்கலாம்

சீப்பை தலையில தேச்சு பேப்பர் துணுக்கை தூக்குற வேலை ஸ்கூல்ல எல்லாரும் பண்ணிருப்போம், ஆனா அதுல ஏறுன சார்ஜ் (மின்னூட்டம்) பிளஸ்ஸா மைனஸான்னு நானும் கேட்டதில்ல வாத்தியாரும் சொன்னதில்ல. ஒரு செல்லோ டேப் ரோல் இருந்தா வீட்லயே பார்த்துரலாம்.

மழை நாள்ல மட்டும் பண்ணாதீங்க. காத்துல ஈரம் இருந்தா பொருள் மேல மெல்லிசா தண்ணி படிஞ்சுக்கும், சார்ஜ் அது வழியா கசிஞ்சு போயிரும். நான் ஐப்பசி மழையில ட்ரை பண்ணி ரெண்டு தடவை பல்பு வாங்கினேன், அப்புறம் ஏசி ரூம்ல பண்ணப்போ உடனே வந்துச்சு.

மேசையில ஒரு நீள டேப் ஒட்டிருங்க, அது சும்மா அடியில கிடக்கட்டும். அது மேல ஒரு சாண் டேப், அதுக்கும் மேல இன்னொரு சாண், ரெண்டுக்கும் நுனியை மடிச்சு பிடி வச்சு 'கீழ்', 'மேல்'னு பேனால எழுதிக்கோங்க. ரெண்டையும் சேர்த்தே மெதுவா உரிச்சு விரலால முழுசா ஒரு தடவு தடவுங்க, இருக்குற சார்ஜ் போயிரும். இப்ப ரெண்டையும் சட்டுனு பிரிச்சு பக்கத்துல கொண்டு போனீங்கன்னா நடுவுல வளைஞ்சு ஒண்ணை ஒண்ணு பாஞ்சு பிடிக்கும்.

இதுல தேய்க்கவே இல்ல பாத்தீங்களா. ரெண்டு வேற வேற பரப்பு தொட்டாலே சார்ஜ் இடம் மாறும், பிரிக்கும்போது ஒண்ணு பிளஸ் ஒண்ணு மைனஸ். சீப்பு மாதிரி கெட்டியான பொருள் நம்ம கண்ணுக்குத்தான் வழவழன்னு தெரியும், நெசத்துல அங்கங்க புள்ளி புள்ளியாத்தான் தொடும், தேய்ச்சா தொடுற புள்ளி கூடும், அவ்வளவுதான். பசை ஏற்கனவே நல்லா ஒட்டிக்கிட்டு இருக்குறதால டேப்புக்கு அது தேவையில்ல.

அடுத்து எது மைனஸ்? பிளம்பர் விட்டுட்டுப் போன பிவிசி பைப் துண்டை எண்ணெய் வைக்காத காஞ்ச தலையில நல்லா தேய்ங்க, அதுல மைனஸ் ஏறும். ரெண்டு டேப்பையும் தனித்தனியா தொங்க விட்டு பைப்பை கிட்ட கொண்டு போனா எது விலகி ஓடுதோ அது மைனஸ், மத்தது பிளஸ். இங்கதான் நிறைய பேர் ஏமாறுவாங்க: இழுத்தா அதை வச்சு ஒண்ணும் முடிவு பண்ணாதீங்க, சார்ஜே இல்லாத உங்க விரலைக் கூட ரெண்டு டேப்பும் இழுக்கும். தள்ளினா மட்டும்தான் ரெண்டுலயும் ஒரே சார்ஜ்னு உறுதி.

இப்ப சீப்பு, பலூன், பிளாஸ்டிக் ஸ்கேல்னு எதை வேணா தேச்சு நீட்டிப் பாருங்க. பட்டுத்துணியில தேச்ச கண்ணாடியும் பாக்கணும், ஏன்னா 1747 வாக்குல அமெரிக்க விஞ்ஞானி பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அதைத்தான் பிளஸ்னு வச்சாரு, 1897ல மின்சாரத்தை சுமக்குற குட்டித் துகளான எலக்ட்ரானைக் கண்டுபிடிச்சப்போ அது மைனஸ் பக்கம் போய் விழுந்துச்சு. ஆனா கண்ணாடி ஈரத்தை சீக்கிரம் பிடிச்சுக்கும், டம்ளரை வெயில்ல நல்லா காய வச்சுட்டு தேய்ங்க.