திருட்டுப் போன காருக்கு இழப்பீடு பெற்ற என் அனுபவம்

காட்பாடி ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த எங்கள் கார் திருட்டுப் போன அன்றே காவல் நிலையத்தில் புகார் அளித்து, முதல் தகவல் அறிக்கையைப் பெற்றுவிட்டோம். ஆனால் அப்பா மருத்துவமனையில் இருந்ததால், காப்பீட்டு நிறுவனத்துக்குச் சில வாரங்கள் கழித்தே தெரிவிக்க முடிந்தது. அந்தத் தாமதத்தையே காரணம் காட்டி நிறுவனம் எங்கள் கோரிக்கையை நிராகரித்தது.

இது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திருட்டு நடந்தவுடன் காவல்துறையில் புகார் பதிவாகியிருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகத் தெரிவித்ததை மட்டும் வைத்து உண்மையான கோரிக்கையை மறுக்கக் கூடாது என்று குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் 2011-லேயே இதே பொருளில் சுற்றறிக்கை அனுப்பியுள்ளது. இரண்டையும் மேற்கோள் காட்டி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதினேன். 30 நாட்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிட முடியும் என்பதையும் அக்கடிதத்திலேயே குறிப்பிட்டேன்.

கோரிக்கையை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். இரண்டு சாவிகள், ஆர்.சி., பாலிசி ஆகியவற்றைக் கொடுப்பது எளிது. வண்டியைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்று காவல்துறை தரும் சான்றிதழுக்குத்தான் பொறுமை வேண்டும். அது கிடைத்த பிறகு, வண்டியின் காப்பீட்டு மதிப்பாகப் பாலிசியில் குறித்திருந்த ஐ.டி.வி. தொகையில், நாங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு போக மீதியைக் கணக்கில் செலுத்தினார்கள்.