ரிப்போர்ட்ல கார்சினாய்டுன்னு வந்தா பண்ணக் கூடாத தப்புகள்

கார்சினாய்டுங்கறது ஹார்மோன் சுரக்கற செல்லுல வர்ற, பெரும்பாலும் மெதுவா வளர்ற ஒரு வகை கட்டி. பயாப்சி ரிப்போர்ட்ல அந்தப் பேரப் பாத்ததும் சில பேர் அத கார்சினோமா (கேன்சர்)ன்னு படிச்சுட்டு கதை முடிஞ்சதுன்னு இடிஞ்சு போய்டறாங்க, இன்னும் சில பேர் மெதுவா வளர்ற கட்டிதானாம் ஒண்ணும் பண்ணாதுன்னு ரிப்போர்ட்ட பீரோல போட்டுட்டு மறந்துடறாங்க. என்னைக் கேட்டா ரெண்டாவது தப்புதான் பெருசு.

பாதி குழப்பம் இந்தப் பேராலயே வந்தது. 1907ல ஓபர்ன்டோர்ஃபர்னு ஒரு ஜெர்மன் டாக்டர், சிறுகுடல்ல பாத்த குட்டிக் கட்டிகள் கேன்சர் மாதிரி இருக்கு ஆனா அவ்ளோ மோசமில்லன்னு இந்தப் பேர வெச்சாரு. 1929ல அவரே, இது பரவவும் செய்யும்னு திருத்திச் சொல்லிட்டாரு, ஆனா பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு. இப்ப குடல், கணையத்துல வந்தா நியூரோஎண்டோக்ரைன் ட்யூமர்னு எழுதறாங்க. நுரையீரல்ல மட்டும் டிபிக்கல், ஏடிபிக்கல்னு ரெண்டு வகை கார்சினாய்டா பழைய பேரே இன்னும் ஓடுது. அதுல ஏடிபிக்கல் கொஞ்சம் வேகமானது, அந்த ஒரு வார்த்தைய கவனிக்காம விட்டுடாதீங்க. நியூரோஎண்டோக்ரைன் கார்சினோமான்னு இருந்தா அது வேற ஆளு, வேகமா வளரும், ட்ரீட்மென்ட்டும் வேற, ஒண்ணுக்குப் படிச்சத இன்னொண்ணுக்குப் போட்டுப் பாக்காதீங்க.

அடுத்தது கிரேடையும் ஸ்டேஜையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறது. குடல், கணையக் கட்டின்னா ரிப்போர்ட்ல கேஐ-67னு ஒரு பர்சன்டேஜ் இருக்கும், எத்தனை செல் பெருகிட்டு இருக்குன்னு காட்டறது அதுதான். 3க்குக் கீழன்னா கிரேடு 1, 3லேர்ந்து 20 வரைக்கும் கிரேடு 2, அதுக்கு மேல கிரேடு 3. இது வேகம் மட்டும்தான். எவ்ளோ தூரம் பரவியிருக்குங்கறது ஸ்டேஜ். கிரேடு 1 கட்டி கல்லீரல் வரைக்கும் போயிருக்கவும் சான்ஸ் இருக்கு, அதனால கிரேடு 1னு பாத்துட்டு நிம்மதியா தூங்கிடாதீங்க. அதே சமயம் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்ல தற்செயலா 1 செ.மீ.க்குக் கம்மியா ஒரு கட்டி கிடைச்சு அது முழுசா வெளிய வந்திருந்தா, பெரும்பாலும் அதோட சரி, பயந்து ஓட வேண்டியதில்ல.

முகம் சிவக்கல, பேதி இல்ல, அதனால இது கார்சினாய்டே இல்லன்னு சொல்றதும் தப்பு. அந்த அறிகுறிக்குப் பேரு கார்சினாய்டு சிண்ட்ரோம், நிறைய பேருக்கு அது வரவே வராது. குடல் கட்டி விடற செரடோனின்ங்கற ஹார்மோன கல்லீரல் உடைச்சுப் போட்டுடும், அதனால கட்டி கல்லீரலுக்குப் போன பிறகுதான் பெரும்பாலும் அறிகுறியே தெரிய ஆரம்பிக்கும். வந்தவங்களும் மெனோபாஸ் சூடு, ஐபிஎஸ்னு (அடிக்கடி வயித்தக் கலக்கற குடல் பிரச்சனை) நெனச்சு வருஷக்கணக்கா ஓட்டிடறாங்க. வியர்வையே இல்லாம முகம் மட்டும் திடீர்னு சிவந்து கூடவே பேதியும் போச்சுன்னா டாக்டர்கிட்ட ரெண்டையும் சேத்து சொல்லுங்க.

டெஸ்ட்ல நடக்கற தப்புதான் எனக்கு ரொம்ப கடுப்பா இருக்கும், ஏன்னா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். 24 மணி நேர யூரின்ல 5-எச்ஐஏஏ (செரடோனின் உடைஞ்சு வர்ற பொருள்) பாக்கறதுக்கு முன்னாடி வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, வால்நட் சாப்ட்டா அளவு பொய்யா ஏறிக் காட்டும், ரெண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்தச் சொல்வாங்க. இந்தக் கட்டிகள் விடற குரோமோகிரானின்ங்கற புரதத்தப் பாக்கற ரத்த டெஸ்ட்ட பான்டோப்ரஸோல், ஒமெப்ரஸோல் மாதிரி அசிடிட்டி மாத்திரை ஏத்தி விட்டுடும், ஆனா அதுக்காக நீங்களா மாத்திரைய நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட கேட்டுட்டு பண்ணுங்க. சாதா பெட் ஸ்கேன் க்ளீன்னு வந்ததால கட்டி இல்லன்னும் முடிவு பண்ண முடியாது. அது சர்க்கரைய வேகமா இழுக்கற செல்லத்தான் நல்லா காட்டும், இது மெதுவான கட்டி ஆச்சே, அதான் இதுக்குன்னே டோட்டாடேட் பெட் ஸ்கேன் இருக்கு.

அஞ்சு வருஷம் ஆச்சு, இனி ஃபாலோ அப் எதுக்குன்னு விட்டுடாதீங்க, பத்து வருஷம் கழிச்சு கூட திரும்பி வந்த கேஸ் இருக்கு. அப்புறம் கார்சினாய்டு சிண்ட்ரோம் இருக்கறவங்க வேற எதுக்காக ஆபரேஷன் போனாலும் மயக்க மருந்து டாக்டர்கிட்ட இத முன்னாடியே சொல்லணும், மயக்கத்துல இருக்கும்போது பிபி தாறுமாறா போகலாம், தெரிஞ்சா அவங்க ஆக்ட்ரியோடைட்னு, கட்டி ஹார்மோன் விடறத அடக்கற மருந்த ரெடியா வெச்சுப்பாங்க.