அரசு வண்டிகளுக்கு சார்ஜர் அமைக்கும் முன் லாக் புக்கைப் பாருங்கள்

பெங்களூரில் அரசு அலுவலக வளாகங்களில் மின்வேலை எடுக்கும் நம்மவர்களுக்கு இப்போது அலுவலகக் கார்களுக்கு சார்ஜர் அமைக்கும் வேலையும் வரத் தொடங்கியிருக்கிறது. எத்தனை கிலோவாட் சார்ஜர் போடலாம் என்பதே அதிகாரிகள் முதலில் கேட்கும் கேள்வி. அதற்கான விடை சார்ஜர் விலைப்பட்டியலில் இல்லை. ஓட்டுநர்கள் எழுதும் லாக் புக்கில்தான் இருக்கிறது.

லாக் புக்கின்படி 20 கார்கள் நாளொன்றுக்குத் தலா 70 கிலோமீட்டர் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் எனக் கணக்கிட்டால் காருக்கு 10 யூனிட், ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் 11, ஆக மொத்தம் 220 யூனிட் வேண்டும். வண்டிகள் இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை நிற்பதால் சராசரியாக 22 கிலோவாட் போதும். மாறாக, காருக்கொரு 7.4 கிலோவாட் சார்ஜர் பொருத்தி எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிட்டால் 148 கிலோவாட் இழுக்கும்; அதற்கு மின் விநியோக நிறுவனமான பெஸ்காமில் அனுமதி பெறவே மாதக்கணக்கில் அலைய நேரலாம். சுமையைப் பங்கிட்டுக் கொடுக்கும் வசதியுள்ள சார்ஜர்களை வாங்கி, 40 கிலோவாட்டுக்கு விண்ணப்பிப்பதே என் வழக்கம்.

ஏசி சார்ஜரில் எவ்வளவு வேகமாக ஏறும் என்பதைக் காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர்தான் தீர்மானிக்கிறது. அது 3.3 கிலோவாட் மட்டுமே வாங்கும் வண்டி என்றால், 22 கிலோவாட் கம்பத்தில் மாட்டினாலும் 3.3 தான் ஏறும். டிசி வேகச் சார்ஜர் ஒன்று அவசரத்துக்கு இருந்தால் போதும். ஆனால் பழைய அரசு வண்டிகள் சிலவற்றில் டிசி சார்ஜரின் பிளக் மாட்ட ஜிபி/டி வகைத் துளையும் புதியவற்றில் சிசிஎஸ்2 என்ற வேறு வகைத் துளையும் இருப்பதால், ஒவ்வொரு வண்டியின் மூடியையும் திறந்து பார்த்தபின் ஆர்டர் கொடுக்க வேண்டும்.

அதிகம் கவனிக்க வேண்டியது எர்த்திங், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு. லால்பாக் பூங்காவில் தலைகாட்டும் அதே பாறை இந்நகரில் பல இடங்களில் ஆழமில்லாமலே கிடப்பதால், 3 மீட்டர் குழி தோண்டும்போது பாதியிலேயே கடப்பாரை துள்ளும். அங்கே ஒற்றைக் குழியை நம்பாமல், இடைவெளிவிட்டு இரண்டு மூன்று குழிகளை இணைத்து, எர்த்தின் மின்தடையை அளக்கும் எர்த் மெக்கரில் 5 ஓமுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். ஒரு வளாகத்தில் கோடையில் ஆறு சார்ஜர்களும் சிவப்பு விளக்குடன் நின்றுவிட்டன. கம்பெனிக்காரர் போர்டை மாற்றச் சொன்னார். காய்ந்து வெடித்திருந்த குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியதும் பச்சை விளக்கு வந்தது. அது தற்காலிகத் தீர்வுதான் என்பதால் பிறகு கூடுதல் குழி போட்டோம்.

ஒவ்வொரு சார்ஜருக்கும் அதிகச் சுமையில் விழும் தனி எம்சிபியும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் விழும், குறைந்தபட்சம் டைப் ஏ வகை ஆர்சிசிபியும் தேவை. சிங்கிள் ஃபேஸ் சார்ஜர்களை மூன்று ஃபேஸ்களிலும் சமமாகப் பிரியுங்கள். ஈவி சார்ஜிங்குக்கு பெஸ்காமில் தனிக் கட்டண வகை இருப்பதால் தனி மீட்டர் வாங்கிவிட்டால், தணிக்கையின்போது அலுவலக மின்செலவோடு குழம்பாது. அறிவிப்புப் பலகை கன்னடத்தில் இருக்கட்டும்.

ஒப்படைப்பதற்கு முந்தைய இரவு எல்லாக் கார்களையும் ஒன்றாக மாட்டி, இரண்டு மணி நேரம் கழித்து வெப்பமானியால் கேபிள் முனைகளைப் பாருங்கள். ஒரு முனை மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால், சப்ளையை நிறுத்தி கேபிள் முனையில் மாட்டியிருக்கும் உலோக லக்கைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்தி (கிரிம்ப் செய்து), மறுபடியும் சோதித்த பிறகே கையெழுத்து வாங்குங்கள்.