இரட்டைப் பிள்ளை வந்த வீட்டில் அப்பாவுக்கு ராத்திரி ஷிப்ட்: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

எங்கள் பக்கம் தலைப்பிரசவம் பெண்ணின் அம்மா வீட்டில்தான். மாப்பிள்ளை சனிக்கிழமை ராத்திரி வருவார், ஞாயிறு மத்தியானம் சாப்பிடுவார், பிள்ளையை எட்டிப் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுவார். எங்களுக்குப் பிறந்தது இரட்டைப் பெண்கள். கோபியில் மாமியார் வீட்டில் முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் கண் சிவந்துவிட்டது. திருப்பூரில் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு ராத்திரியை நான் எடுத்துக்கொண்டேன். தாய்ப்பால் கொடுப்பது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நம் கைக்கு வரும் வேலைதான்.

முதலில் ஆள் அடையாளம். சிரிக்காதீர்கள். மூன்றாம் நாள் விடியற்காலை பெரியவளுக்கே இரண்டு தடவை பால் போய், சின்னவள் பசியில் கத்திக்கொண்டிருந்தாள். அன்றைக்கே பெரியவள் கையில் கறுப்பு வளையல், சின்னவள் கையில் வெள்ளை வளையல். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, பால் குடித்த நேரம், மூத்திரம், மலம் மூன்றையும் இரண்டு பக்கமும் எழுதுங்கள். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால், ஐந்தாம் நாளுக்கு அப்புறம் குறைந்தது 6 தடவை மூத்திரம் இருந்தால் பால் போதுகிறது என்று நம்பலாம். இரட்டையர் பெரும்பாலும் எடை குறைவாகப் பிறப்பார்கள். அப்படிப் பிறந்த பிள்ளை பசித்தாலும் அழாமல் தூங்கிவிடும். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பித்தான் ஆகவேண்டும்.

இனி ஒரு சுற்று எப்படிப் போகும் என்று சொல்கிறேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒரு கை கழுத்துக்கும் தலைக்கும் கீழே, இன்னொரு கை புட்டத்துக்கு. இரண்டும் பிடி கிடைத்த பிறகுதான் தூக்க வேண்டும். ஈரத்துணியை மாற்றுங்கள். கடையில் விற்கும் டயப்பரைவிட மாமனாரின் பழைய வேட்டியைக் கிழித்த துணி மெத்தென்று இருந்தது. துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும், அவ்வளவுதான். பெண் பிள்ளைக்கு முன்னாலிருந்து பின்பக்கமாகத் துடையுங்கள். தொப்புள்கொடியில் எண்ணெய், பவுடர், மஞ்சள் எதுவும் வேண்டாம். காய்ந்து தானே விழும்.

அப்புறம் அம்மாவிடம் கொடுங்கள். அவள் ஒருத்திக்குப் பால் கொடுக்கும்போது இன்னொருத்தி உங்களிடம். டாக்டர் பீய்ச்சிய தாய்ப்பால் கொடுக்கச் சொல்லியிருந்தால் கொதிக்கவைத்த சங்கிலோ பாலாடையிலோ, பிள்ளையின் தலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கடைவாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு.

குடித்து முடித்ததும் ஏப்பம். இதில்தான் நான் ரொம்ப நாள் தடுமாறினேன். தோளில் ஒரு துண்டு போட்டு, பிள்ளையின் தாடை தோள்மேல் படும்படி நிமிர்த்திச் சாய்த்து, முதுகைக் கீழிருந்து மேலாகத் தடவுங்கள், லேசாகத் தட்டுங்கள். பத்து நிமிடம் ஆகியும் ஏப்பம் வரவில்லையா, பரவாயில்லை, மல்லாக்கப் படுக்கவையுங்கள். தலையணை வேண்டாம், இருவரும் தனித்தனியாக.

எடை குறைந்த பிள்ளைக்கு அப்பாவின் நெஞ்சுச் சூடு நல்ல மருந்து. சட்டையைக் கழற்றி, டயப்பரும் குல்லாவும் மட்டும் போட்ட பிள்ளையை நெஞ்சோடு நெஞ்சாக வைத்து மேலே துணி சுற்றுங்கள். கங்காரு பராமரிப்பு என்பார்கள். 1978இல் கொலம்பியாவின் போகோட்டாவில் தொடங்கியது. மூக்கும் வாயும் மூடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் தூங்கிவிடக் கூடாது. சின்னவள் என் நெஞ்சில்தான் தூங்கப் பழகினாள். அப்புச்சிக்கு, அதாவது என் மாமனாருக்கு, அதில் கொஞ்சம் பொறாமை.

பெரியவர்களோடு ஒரு சிக்கல் வரும். சேனை வைக்கத் தேன், வசம்பு, மூக்கில் எண்ணெய், சாம்பிராணிப் புகை. நான்கும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைப்பிள்ளையின் தசைகளைத் தளர்த்தி மூச்சையே நிறுத்திவிடும். ஒரு வயது வரைக்கும் தேன் கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும், தண்ணீர்கூட வேண்டியதில்லை. இதை மனைவி சொன்னால் சண்டையாகும். நீங்கள் சொல்லுங்கள். "இல்லீங்க அத்தை, டாக்டர் கண்டிப்பாச் சொல்லியிருக்காங்க, ஒரு வருசம் போகட்டுமுங்க" என்றேன். அத்தை முகம் சுருங்கியது, ஆனால் தேன் பாட்டில் அலமாரிக்குப் போய்விட்டது.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பால் குடிக்க மறுத்தால், மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளிழுத்தால், உடம்பில் மஞ்சள் நிறம் உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினால், உடம்பு சில்லென்று இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி. வண்டி இல்லையென்றால் 108. ஊசி ஆறு, பத்து, பதினான்காவது வாரங்களில். தேதியை நோட்டின் அட்டையிலேயே எழுதிவிடுங்கள்.

கடைசியாக, பிறப்புப் பதிவு. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு பிள்ளைக்கும் தனித்தனிப் பதிவு, பிறந்த நேரம் மாறிவிடாமல் பாருங்கள். பெயர் முடிவாகவில்லை என்றால் பெயரில்லாமலே பதியலாம், ஒரு வருடத்துக்குள் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அந்தப் பஞ்சாயத்து ஏழாம் மாதம்தான் தீர்ந்தது.