"சோத்துல ஜீன மாத்திட்டாங்க"ன்னு மெசேஜ் வந்தா என்ன பாக்கணும்

ஃபேமிலி குரூப்ல இப்படி ஒண்ணு வந்தா உடனே பதறவும் வேணாம், சயின்டிஸ்ட் சொல்லிட்டாருன்னு தலையாட்டவும் வேணாம்.

மொதல்ல, வெளிய இருந்து, அதாவது வேற உயிர்ல இருந்து, ஜீன் (மரபணு) எடுத்துப் போட்டாங்களா இல்ல பயிரோட சொந்த ஜீன்லயே கைய வச்சாங்களான்னு பாருங்க. காய்ப்புழுவ தாங்குற பிடி பருத்தில மண்ணுல இருக்குற ஒரு பாக்டீரியாவோட ஜீன் இருக்கு, 2002லயே பர்மிஷன் கிடைச்சிடுச்சு. மத்திய அரசோட வேளாண் ஆராய்ச்சி கவுன்சில் ஐசிஏஆர் 2025 மே மாசம் அறிவிச்ச கமலா அரிசி வேற கேஸ், அது சம்பா மசூரில இருந்து வந்தது, அதாங்க நம்ம கடையில பிபிடி, ஆந்திரா பொன்னின்னு மூட்டை போட்டு விக்கிறாங்களே அதே 5204, அதுல இருக்குற ஒரு ஜீன மட்டும் எடிட் பண்ணி கதிருக்கு மணி கூடுற மாதிரி செஞ்சிருக்காங்க, 20 நாள் முன்னாடியே அறுக்கலாமாம்.

அடுத்தது எந்த ஸ்டேஜ்ல இருக்குன்னு பாக்கணும். தரமணி எம்.எஸ்.சுவாமிநாதன் ஃபவுண்டேஷன்ல அலையாத்தி ஜீன நெல்லுல போட்டு உப்புத்தண்ணிய தாங்க வச்சாங்க, கடல் தண்ணி உள்ள ஏறுற டெல்டாக்கு நல்ல ஐடியாதான், ஆனா வெளி ஜீன் போட்ட எந்த அரிசிக்கும் இந்தியாவுல விக்க அனுமதி கிடையாது, அதனால "உங்க தெரு கடையிலயே இருக்கு"ன்னு மெசேஜ் சொன்னா அங்கயே டவுட் வரணும்.

யாரு செக் பண்ணாங்கங்கறதுதான் எனக்கு உறுத்துற எடம். அதே மாதிரி பாக்டீரியா ஜீன் போட்ட பிடி கத்திரிக்கா விஷயத்துல, ஜீன் மாத்துன பயிருங்கள பரிசீலிக்கிற மத்திய அரசோட ஜீஇஏசி கமிட்டி ஓகே சொன்னதுக்கு அப்புறமும் அப்போ சுற்றுச்சூழல் அமைச்சரா இருந்த ஜெய்ராம் ரமேஷ் ஊர் ஊரா மக்கள் கருத்து கேட்டு 2010 பிப்ரவரில நிறுத்தி வச்சாரு. ஆனா 2022ல இருந்து, வெளி ஜீன் இல்லாத எடிட்டிங் பயிருங்க அந்த கமிட்டிக்கே போக வேண்டியதில்ல, அந்தப் பயிர உருவாக்குன இன்ஸ்டிட்யூட்டோட சொந்த பயோசேஃப்டி (உயிரிப் பாதுகாப்பு) கமிட்டி பாத்தா போதும். டெக்னிக் மேல எனக்கு பயம் இல்லீங்க, பரீட்சை எழுதுனவங்களே பேப்பர் திருத்துற மாதிரி இருக்குறதுதான் புடிக்கல, டெஸ்ட் ரிப்போர்ட்ட பொதுவுல போட்டுட்டா பாதி சண்டை அடங்கிடும்.

கடைசியா, விதை யாருக்கு சொந்தம்? ஜீன எடிட் பண்ற கிரிஸ்பர் டெக்னிக்கோட முக்கியமான பேட்டன்ட் எல்லாம் வெளிநாட்டு இன்ஸ்டிட்யூட்டுங்க கையில இருக்கு. நம்ம நாட்டோட 2001 பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயி உரிமைச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட ரகமா இருந்தாலும் விவசாயி விதைய எடுத்து வச்சுக்கலாம், திரும்ப விதைக்கலாம், பக்கத்துக் காட்டுக்காரருக்கு குடுக்கலாம், பிராண்ட் பேர் போட்டுத்தான் விக்கக்கூடாது. புது ரகம் எது வந்தாலும் இந்த உரிமை அப்படியே இருக்கான்னு கேளுங்க, ஃபார்வர்ட் பண்ண மாமாவையும் கேக்கச் சொல்லுங்க.